கரீப்பூர் 1971: இரண்டு சிறு படைகளைச் சேர்த்து, வண்ணம் தீட்டி, மேசைமேல் தொடர் ஆட்டமாக ஆட ஒரு முழு வழிகாட்டி

நவீன காலப் போர்ப் பொம்மைகளில் ஆசை வந்தவர்கள் முதலில் கண்ணுக்குப் பிடித்த ஒரு டாங்கியை வாங்குவார்கள். அடுத்த மாதம் வேறு நாட்டு டாங்கி, அப்புறம் வேறு ஸ்கேலில் ஒரு ஹெலிகாப்டர். இரண்டு வருடம் கழித்து அலமாரி நிறைந்திருக்கும், ஆனால் ஒரு ஆட்டம் ஆடவும் எதிரெதிரே நிற்க இரண்டு படைகள் இருக்காது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதிலிருந்து நான் மீண்டது ஒரே ஒரு முடிவால்: முதலில் சண்டையைத் தேர்ந்தெடுப்பது, அதற்குப் பிறகே பொம்மைக்குக் காசு கொடுப்பது. எந்த ஊர், எந்தத் தேதி, யார் யார் நின்றார்கள் என்று தெரிந்துவிட்டால் எதை வாங்குவது, எத்தனை வாங்குவது, எந்தப் பச்சையைப் பூசுவது, தரையில் என்ன பயிர் இருக்க வேண்டும் என்கிற கேள்விகள் எல்லாம் தானாகவே அடங்கிவிடும்.

இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொண்ட சண்டை கரீப்பூர். 1971 நவம்பர் 20, 21.

சண்டையைத் தெரிந்துகொள்ளுங்கள்

1971-இன் இந்திய-பாகிஸ்தான் போர் டிசம்பர் 3-இல் தொடங்கியது என்றுதான் பொதுவாகச் சொல்வோம். ஆனால் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் எல்லையில் அதற்கு இரண்டு வாரம் முன்பே சண்டை மூண்டுவிட்டது. ஜெஸ்ஸூர் பக்கம் போய்ரா எல்லையை ஒட்டியிருக்கும் கரீப்பூர் என்ற ஊரைப் பிடிக்க, பஞ்சாப் ரெஜிமென்ட்டின் 14-ஆவது பட்டாலியன் உள்ளே நுழைந்தது. கூடவே 45 கேவல்ரி என்ற டாங்கி ரெஜிமென்ட்டின் ஒரு ஸ்குவாட்ரன், 14 சோவியத் பி.டி-76 டாங்கிகள். முந்தைய நாளே இரு தரப்பு ரோந்துக் குழுக்களும் மோதிக்கொண்டதால் பாகிஸ்தான் தரப்பு உஷாராகிவிட்டது. 21-ஆம் தேதி விடியற்காலை, அடர்ந்த மூடுபனியில், பாகிஸ்தானின் 107-ஆவது பிரிகேடு எம்-24 சாஃபி டாங்கிகளோடு எதிர்த்தாக்குதல் நடத்தியது.

இந்தியத் தரப்பு காலாட்படையையும் ரீகாயில்லெஸ் (சுடும்போது பின்னுதைக்காத இலகு) பீரங்கிகளையும் ஊரில் காவலுக்கு வைத்துவிட்டு, டாங்கிகளை முன்னே கொண்டுபோய்ப் பதுங்கவைத்தது. பனிக்குள் வந்த சாஃபிகளுக்கு எங்கிருந்து சுடுகிறார்கள் என்றே புரியவில்லை. அவற்றில் பெரும்பாலானவை அழிந்தன அல்லது பிடிபட்டன. இந்திய ஸ்குவாட்ரனை நடத்திய மேஜர் தல்ஜீத் சிங் நாரங் அந்தச் சண்டையிலேயே உயிரிழந்தார். அவருக்கு மறைவுக்குப் பின் மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான சண்டை எனக்குத் தெரியவில்லை. படைகள் சிறியவை. இரு பக்கமும் இலகு டாங்கிகள். பி.டி-76-இல் 76 மி.மீ. பீரங்கி, சாஃபியில் 75 மி.மீ. பீரங்கி. இரண்டுக்கும் கவசம் மெல்லியது, அதனால் முதலில் பார்த்துச் சுட்டவன் பிழைப்பான். ஆனால் உள்ளே ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. பி.டி-76-இல் மூன்றே பேர். தலைவரே குறிபார்த்துச் சுடவும் வேண்டும். சாஃபியில் ஐந்து பேர், அதில் தலைவருக்குச் சுற்றிலும் கண்காணிப்பதுதான் வேலை. ஆட்டவிதியில் இதைக் கொண்டுவந்தாலே இரு படைகளும் வெவ்வேறு குணத்தோடு நடந்துகொள்ளும்.

ஸ்கேல்

நவீனப் போருக்கு நான்கு அளவுகள் அதிகம் புழங்குகின்றன. மி.மீ. என்பது ஏறத்தாழ நிற்கும் வீரர் பொம்மையின் உயரம், 1/56 என்றால் அசலில் 56-இல் ஒரு பங்கு. 28 மி.மீ. என்றால் ஏறத்தாழ 1/56. 20 மி.மீ. என்பது 1/72, கடைகளில் பிளாஸ்டிக் கிட்டாகக் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். 15 மி.மீ. என்பது 1/100. 6 மி.மீ. என்பது 1/285 அல்லது 1/300. கிட்டத்தட்ட ஏழு மீட்டர் நீளமுள்ள பி.டி-76, 1/72-இல் 9.6 செ.மீ., 1/100-இல் 7 செ.மீ., 1/285-இல் 2.4 செ.மீ. வரும்.

பொதுவாக நவீன டாங்கிச் சண்டைக்கு 6 மி.மீ.தான் சரி என்பேன். காரணம் தூரம். ஆறடி மேசை 1/100-இல் வெறும் 180 மீட்டர் நிலம். ஒன்றரைக் கிலோமீட்டரில் சுட்டுக்கொள்ளும் டாங்கிகளை அதில் வைத்தால் பேருந்து நிலையத்தில் வண்டிகள் நிற்பது போல இருக்கும்.

கரீப்பூரில் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. அடர்ந்த பனியில் பார்வை சில பத்து மீட்டர்தான். அப்படியானால் 180 மீட்டர் நிலம் என்பது தாராளம். பொம்மையின் அளவும் நிலத்தின் அளவும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன, கண்ணால் பார்ப்பதை அப்படியே நம்பலாம். அதனால்தான் இந்தச் சண்டைக்கு 15 மி.மீ.யைத் தேர்ந்தெடுத்தேன். உங்கள் ஊர்க் கடையில் 1/72 எளிதாகக் கிடைத்தால் அதிலும் செய்யலாம், மேசை கொஞ்சம் பெரிதாக வேண்டும். இரண்டு அளவுகளை மட்டும் ஒரே மேசையில் கலக்காதீர்கள்.

பட்டியல் போடுவது

14 டாங்கிகள் கொண்ட ஸ்குவாட்ரனைத் தலைமையகத்துக்கு 2, பிறகு மூன்று மூன்றாக நான்கு டிரூப் என்று பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாளே பதினான்கையும் வாங்க வேண்டாம். இந்தியத் தரப்புக்குத் தலைமையகம் 2, ஒரு டிரூப் 3, ஆக 5 பி.டி-76. ஒரு பிளாட்டூன் காலாட்படை, சுமார் 35 பேர். 106 மி.மீ. ரீகாயில்லெஸ் பீரங்கி பொருத்திய ஜீப் 2. எதிர்த்தரப்புக்கு 5 சாஃபி, தாக்குகிறவர்கள் என்பதால் இரண்டு பிளாட்டூன், சுமார் 70 பேர். முதல் கட்டத்துக்கு இவ்வளவு போதும். இதை வண்ணம் பூசி முடித்து இரண்டு ஆட்டம் ஆடிய பிறகு அடுத்த டிரூப்பை வாங்குங்கள்.

இரு தரப்பையும் நீங்களே சேர்ப்பது நல்லது. எதிராளி தன் படையோடு வருவார் என்று காத்திருந்தால் வருடங்கள் போய்விடும். இரண்டும் உங்களிடம் இருந்தால் மைத்துனரோ பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையனோ வந்து உட்கார்ந்தாலே ஆட்டம் தொடங்கிவிடும்.

எங்கே தேடுவது

1971-க்கு என்றே தனி வரிசையைத் தேடி அலையத் தேவையில்லை. அந்தப் போரின் ஆயுதங்கள் எல்லாம் வேறு போர்களிலும் இருந்தவை. பி.டி-76-ஐ வட வியட்நாம் படையும் வைத்திருந்தது, வியட்நாம் வரிசைகளில் தேடுங்கள். சாஃபி இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதங்களில் வந்த அமெரிக்க டாங்கி, எனவே அந்த வரிசை. ஜீப்மேல் ஏற்றிய 106 மி.மீ. பீரங்கி வியட்நாம், அரபு-இஸ்ரேல் வரிசைகளில் கிடைக்கும்.

வீரர்களுக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இந்திய வீரர் கையில் எஸ்.எல்.ஆர் துப்பாக்கி. அதே குடும்பத்துத் துப்பாக்கி வியட்நாமில் போரிட்ட ஆஸ்திரேலிய வீரர்களிடமும் இருந்தது, அந்தப் பொம்மைகளின் உடல் பொருந்தும். அவர்களின் அகன்ற தொப்பித் தலையை மட்டும் வெட்டிவிட்டு, இரண்டாம் உலகப் போர் இந்தியப் படை வரிசையிலிருந்து தலைப்பாகைத் தலையும் ஹெல்மெட் தலையும் மாற்ற வேண்டும். பஞ்சாப் ரெஜிமென்ட்டில் சீக்கியர், டோக்ரா இரு பிரிவினரும் உண்டு, எனவே தலைப்பாகையும் ஹெல்மெட்டும் கலந்தே இருக்கட்டும். பாகிஸ்தான் தரப்பில் ஜி-3 துப்பாக்கி. பனிப்போர் கால மேற்கு ஜெர்மானிய வீரர்களிடமும் அதுதான், அவர்கள் போட்டிருந்த ஹெல்மெட்டும் அமெரிக்க எம்-1 வடிவம்தான். கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்தால் இது முழுத் திருப்தியாக இருக்கிறது.

பொருள் மூன்று வகை. பிளாஸ்டிக் இலேசானது, வெட்ட எளிது. உலோக வார்ப்பு கனமானது, 15 மி.மீ. வீரர்களுக்கு உலோகம்தான் எனக்குப் பிடிக்கும். ரெசினில் நுணுக்கம் அதிகம், ஆனால் நொறுங்கும். இப்போது 3டி பிரிண்ட் கோப்பை வாங்கி, அச்சிட்டுத் தருகிற கடையில் கொடுத்தும் எடுக்கலாம். கோப்பின் உரிமத்தைப் படித்துவிட்டுக் கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால் தபால் செலவும் சுங்க வரியும் பொம்மை விலையைத் தொட்டுவிடும். நண்பர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே பார்சலாகப் போடுவது நல்லது.

பூசுவதற்கு முன்

எல்லாவற்றையும் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். அச்சிலிருந்து பொம்மை கழன்று வரத் தடவும் எண்ணெய்ப் பசை போகாவிட்டால் பெயின்ட் பின்னால் உரியும். ரெசின் பீரங்கிக் குழாய் வளைந்து வந்திருந்தால் கொதிக்கிற அளவுக்குச் சூடான தண்ணீரில் சில விநாடி முக்கி, நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் வையுங்கள், அப்படியே நின்றுவிடும். அச்சுக்கோடுகளைக் கத்தியின் முதுகால் சுரண்டி எடுங்கள். ரெசினையும் உலோகத்தையும் அரம் போடும்போது முகக்கவசம் அவசியம். பழைய உலோக வார்ப்புகளில் ஈயம் இருக்கும், கையைக் கழுவாமல் சாப்பிடக் கூடாது, சின்னக் குழந்தைகள் கைக்கு எட்டவும் கூடாது.

வீரர்களை ஐஸ் குச்சியில் ஐந்தைந்தாகப் பசைத் துளியால் ஒட்டிக்கொள்ளுங்கள். இடையே தூரிகை நுழைய ஒரு விரல் இடைவெளி வேண்டும்.

அடுத்தது பிரைமர், அதாவது பெயின்ட் ஒட்டிப் பிடிக்க முதலில் அடிக்கும் அடிப்பூச்சு. நம் ஊரில் பலர் தோற்கிற இடம் இதுதான். மழைக்காலத்து மாலையில் மாடியில் நின்று ஸ்ப்ரே அடித்தால், காற்றின் ஈரம் சேர்ந்து பூச்சு சொரசொரப்பாகப் பொடி படிந்தது போல ஆகிவிடும். ஒரு நவம்பர் மாதம் எட்டு டாங்கிகளை அப்படி இழந்து, முழுதும் கழுவி மறுபடி தொடங்கினேன். வெயில் ஏறிய காலை பத்து மணிக்கு மேல், துணி சீக்கிரம் காய்கிற நாளாகப் பார்த்து அடியுங்கள். கேனை முதலில் இரண்டு நிமிடம் குலுக்கி, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெல்லிய இரண்டு பூச்சாக அடிக்க வேண்டும். மழை விடவே இல்லை என்றால் தூரிகையால் பூசும் பிரைமர் இருக்கிறது, அதுவும் நன்றாகவே ஒட்டும்.

டாங்கிக்கு அடர்சாம்பல் பிரைமர், அது காய்ந்ததும் மேலிருந்து மட்டும் வெள்ளையை ஒரு வீச்சு. இப்படிச் செய்தால் வெயில் படும் இடமும் நிழலும் வண்ணம் பூசும் முன்பே தெரிந்துவிடும்.

டாங்கிகளுக்கு வண்ணம்

இரு தரப்புமே பச்சை டாங்கிகள். மேசையின் மறு பக்கத்திலிருந்து பார்த்தால் எது யாருடையது என்று குழம்பும். அதனால் நான் பி.டி-76-க்குக் குளிர்ந்த, கொஞ்சம் நீலம் கலந்த சோவியத் பச்சையும், சாஃபிக்குப் பழுப்பு ஏறிய அமெரிக்க ஆலிவ் நிறமும் கொடுக்கிறேன். வல்லேஹோ பெயின்டில் 70.887 என்ற எண்ணின் பெயர் பிரவுன் வயலட். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அதுதான் நல்ல ஆலிவ். வெளிநாட்டுப் பெயின்ட் இல்லாவிட்டால் கேமல் ஆர்ட்டிஸ்ட் அக்ரிலிக்கில் சாப் கிரீன், ரா அம்பர், கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் வெள்ளை கலந்தே இந்த நிறங்களைக் கொண்டுவரலாம். ஒரு மூடியுள்ள குப்பியில் படை முழுதுக்கும் வேண்டிய அளவை ஒரே தடவையில் கலக்கிவைத்துக்கொள்ளுங்கள், இரண்டாம் தடவை அதே நிறம் வராது.

உண்மையான டாங்கியின் நிறத்தை அப்படியே பொம்மையில் பூசினால் கறுத்துத் தெரியும். பொருள் சிறியதாக ஆக நிறம் வெளுக்க வேண்டும். 15 மி.மீ.க்கு அடிநிறத்தில் கால் பங்கு வெளிர் மணல் நிறம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வரிசை இதுதான். அடிநிறத்தைத் தண்ணீர் கலந்து மெல்லிய இரண்டு பூச்சு. காய்ந்ததும் அதே நிறத்தை இன்னும் வெளுத்து, மேல்தட்டுகளின் நடுவில் மட்டும் ஒரு பூச்சு. அப்புறம் அடர்பழுப்பு வாஷ், அதாவது பள்ளங்களில் போய் நிற்கிற நீர்த்த பெயின்ட். வாஷை டாங்கி முழுக்கக் கொட்டாதீர்கள், மூடியின் விளிம்பு, திருகாணி, வலைத்தட்டு ஆகிய இடங்களுக்குக் கூர்தூரிகையால் தொட்டுவிட்டால் அதுவே ஓடிப்போய்ப் பள்ளத்தில் நிற்கும். ஒரு மணி நேரம் கழித்து டிரை பிரஷ்: பழைய தட்டைத் தூரிகையில் வெளிர்நிறத்தைத் தொட்டு, காகிதத்தில் முக்கால்வாசி துடைத்துவிட்டு, விளிம்புகளில் மட்டும் உரசுங்கள். சக்கரப் பட்டைக்கு அடர்பழுப்பு, அதன்மேல் மிகக் கொஞ்சம் வெள்ளி.

சேறு. கரீப்பூர் போகும் வழி சதுப்பு நிலம். அதனால் இந்த டாங்கிகளில் தூசி இருக்கக் கூடாது, சேறுதான் இருக்க வேண்டும். வங்கத்து வண்டல் மண் செம்மண் அல்ல, சாம்பல் கலந்த பழுப்பு. அந்த நிறப் பெயின்டில் சலித்த ஆற்றுமணலும் கொஞ்சம் பசையும் குழைத்து, சக்கரங்களுக்கும் கீழ்ப்பலகைக்கும் அப்புங்கள். மேலே போகப் போகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஓரிரு இடத்தில் பளபளப்பான வார்னிஷ் தொட்டால் ஈரச்சேறாகவே தெரியும்.

எண்களுக்கு வெள்ளை நிற நீர்-டெக்கல் (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய அச்சுப்படம்) வாங்கலாம். ஒட்டும் இடத்தில் முன்கூட்டியே பளபளப்பு வார்னிஷ் பூசிக்கொண்டால் டெக்கலின் ஓரம் தெரியாது. கடைசியில் எல்லாவற்றுக்கும் மேல் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ், அதுவும் வெயில் நாளில். வார்னிஷ் வெள்ளையாகப் பூத்துவிட்டால் பயப்பட வேண்டாம். நன்றாகக் காயவிட்டு, தூரிகையால் பளபளப்பு வார்னிஷ் ஒரு மெல்லிய பூச்சு கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். பிறகு மேட்டைத் தூரிகையாலேயே பூசலாம்.

வீரர்கள்

கடையில் தோல்நிறம் என்று எழுதி விற்கிற பெயின்ட் ஐரோப்பியத் தோலின் நிறம். அதை இந்தப் படைகளுக்குப் பூசினால் எல்லாரும் வெளிநாட்டுக்காரர்களாகத் தெரிவார்கள். பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஓக்கர், வெள்ளை மூன்றையும் கலந்து மூன்று சாயல் செய்துகொள்ளுங்கள்: ஒன்று மாநிறம், ஒன்று கொஞ்சம் வெளிர், ஒன்று கறுப்பு. ஒரு செக்ஷனில் பத்துப் பேர் என்றால் மூன்று சாயலும் கலந்து வரட்டும். மூக்கு, கன்னம், விரல்முட்டிக்கு மட்டும் ஒரு படி வெளுத்த நிறம். 15 மி.மீ.யில் கண் வரையத் தேவையில்லை. புருவத்தின் கீழே வாஷ் விழுகிற நிழலே கண்ணாகிவிடும். தாடிக்குச் சுத்தக் கறுப்பு வேண்டாம், கறுப்பில் துளி பழுப்பு கலந்தால் முகம் மென்மையாகத் தெரியும்.

இந்திய வீரர்களுக்கு ஆலிவ் பச்சைச் சீருடை. துவைத்துத் துவைத்து வெளுத்த துணி அது. அதனால் ஒரே பச்சையை எல்லாருக்கும் பூசாமல், சட்டைக்கு ஒன்று, கால்சட்டைக்கு அரைப்படி மாறிய ஒன்று என்று கொடுங்கள். களத்தில் தலைப்பாகையும் பச்சையே. பாகிஸ்தான் வீரர்களுக்குக் காக்கி. வல்லேஹோ 70.921-ஐ அப்படியே பூசினால் பழுப்பு தூக்கலாக இருக்கும், 70.976-ஐப் பாதிக்குப் பாதி சேர்த்தால் சரியாக வரும். பச்சையும் காக்கியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது யார் எவர் என்ற குழப்பமே வராது.

ஐஸ் குச்சி முறையில் ஒரு நிறத்தை எடுத்தால் முப்பது பேருக்கும் அந்த நிறத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்த நிறம். தோல், சீருடை, பை-பட்டை, துப்பாக்கிக் கட்டை, உலோகம், காலணி, கடைசியில் எல்லாருக்கும் ஒரு பழுப்பு வாஷ், தோளிலும் ஹெல்மெட்டிலும் ஒரு வெளிர்த் தொடுகை. ஒரு பிளாட்டூன் எனக்கு நான்கு மாலை பிடிக்கிறது.

நிலம்

படத்துக்கு உயிர் கொடுப்பது தரைதான், அதில் நம் வீட்டுச் சாமானே போதும். நவம்பர் பின்பாதியில் அந்தப் பக்கம் ஆமன் நெல் அறுவடைக் காலம். சில வயல் பொன்னிறமாக நிற்கும், சில வயல் அறுத்துத் தாளாகக் கிடக்கும். நின்ற பயிருக்குத் தென்னைநார் மிதியடியைச் சதுரமாக வெட்டி வையுங்கள், டாங்கி ஏறினால் எடுத்துவிட்டு நசுங்கிய வயலை வைக்கத் தனியே ஒன்று செய்துகொள்ளுங்கள். அறுத்த வயலுக்குப் பலகையில் சேற்று நிறம் பூசி, கயிற்று நாரைப் பொடியாக நறுக்கி வரிசையாக ஒட்டினால் ஆயிற்று. வரப்புகள் களிமண் பசையில். காய்ந்த தேயிலைத்தூள் மரத்தடிச் சருகு.

மூங்கில் புதருக்குத் துடைப்பத்து ஈர்க்குக்குச்சி. ஒரு பிடி ஈர்க்கை வெவ்வேறு உயரத்தில் நறுக்கிக் களிமண்ணில் குத்தி, மஞ்சள்பச்சை பூசி, நுனியில் பச்சைக் கடற்பாசித் துண்டை ஒட்டுங்கள். ஜெஸ்ஸூர் பக்கம் பேரீச்ச வெல்லத்துக்குப் பெயர்பெற்றது. பனிக்காலத்தில் சாறு எடுக்க ஒவ்வொரு வருடமும் மாறி மாறி இரு பக்கமும் சீவுவதால் அந்த மரங்களின் தண்டு வளைந்து வளைந்து மேலே போகும். தடித்த கம்பியில் காகித டேப் சுற்றி, இருபுறமும் மாற்றி மாற்றி வெட்டு வைத்து, தலையில் காகித ஓலை பொருத்தினால் பார்த்தவுடன் இது எந்த ஊர் என்று சொல்லிவிடும். இப்படி ஆறு மரம் இருந்தாலே மேசை வியட்நாமாகத் தெரியாது. வீட்டுச் சுவருக்கு அட்டையும் மண்பூச்சும், கூரைக்கு நார், தகரக்கூரை வேண்டுமென்றால் பார்சல் அட்டையின் உள்ளே இருக்கிற நெளிதாள். ஒரு குளம் கட்டாயம் வேண்டும்.

வீரர்களின் அடிப்பலகைக்கும் இதே மண் நிறம். இருவர் மூவராக இரும்பு வாஷரில் ஒட்டினால் பெட்டியில் காந்தத்தாளில் நிற்கும். துணைத் தலைவர்களை மட்டும் தனியே ஒட்டுங்கள்.

தொடர் ஆட்டமாக ஆடுவது

தனி ஆட்டத்தில் கடைசிச் சுற்றில் எல்லாரும் துணிந்து சாவார்கள், நாளைக்கு யாரும் தேவையில்லையே. தொடர் ஆட்டத்தில் இன்று இழந்த டாங்கி நாளைக்கு இருக்காது. அதனால் ஆட்டக்காரர் பின்வாங்கக் கற்றுக்கொள்வார். இந்தச் சண்டையை நான்கு ஆட்டமாகப் பிரித்திருக்கிறேன்.

முதல் ஆட்டம் 20-ஆம் தேதி ரோந்து மோதல். பக்கத்துக்கு ஒரு செக்ஷன், டாங்கி இல்லை. பாகிஸ்தான் ரோந்தில் ஒருவராவது தப்பித்து மேசை ஓரத்தை அடைந்தால் மறுநாள் அவர்களுக்கு முழுப்படையும் முதல் சுற்றிலேயே வரும். யாரும் தப்பவில்லை என்றால் ஒரு பிளாட்டூன் மூன்று சுற்று தாமதம்.

இரண்டாவது இரவு நகர்வு. இதற்குப் பொம்மையே வேண்டாம், கட்டம் போட்ட கைவரைபடம் போதும். சதுப்புக் கட்டத்தைக் கடக்கும் ஒவ்வொரு டாங்கிக்கும் பகடை உருட்டுங்கள், 1 விழுந்தால் புதைந்துவிட்டது, விடிந்த பிறகுதான் வெளியே வரும். விடிவதற்குள் இந்தியத் தரப்பு தன் டாங்கிகள் பதுங்கும் இடங்களை வரைபடத்தில் குறித்து மடித்து நடுவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

மூன்றாவதுதான் விடியல். நடுவர் கட்டாயம் வேண்டும். பார்வைத் தூரம் முதலில் 20 செ.மீ. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஒரு பகடை, 5 அல்லது 6 விழுந்தால் பார்வை 5 செ.மீ. கூடும். பார்வைக்குள் வராத எந்தப் படையும் மேசையில் வைக்கப்படாது, எஞ்சின் சத்தம் எந்தத் திசையில் என்று மட்டும் நடுவர் சொல்வார். நகராமல் நிற்கும் டாங்கியைக் கண்டுபிடிக்கப் பாதித் தூரம்தான். பனிக்குள்ளிருந்து சுட்டால் சுட்ட இடத்துக்கு அருகே ஒரு பஞ்சுத்துண்டு, சரியான இடத்திலிருந்து பகடை எண்ணிக்கையளவு சென்டிமீட்டர் தள்ளி, தற்செயலான திசையில். எதிரி அந்தப் பஞ்சைப் பார்த்துத்தான் திருப்பிச் சுட முடியும். பி.டி-76 ஒரு சுற்றில் ஒன்று தேடலாம் அல்லது சுடலாம், இரண்டையும் செய்ய முடியாது. சாஃபி இரண்டையும் செய்யலாம். இப்படி இருந்தும் நின்று காத்திருக்கிறவர் கையே ஓங்குகிறது, எங்கள் ஆட்டங்களில் நகர்ந்து வந்த தரப்பு ஒரு தடவைதான் ஜெயித்திருக்கிறது.

நான்காவது பின்வாங்கல். அசையாமல் நின்றுபோன டாங்கிகள் களத்தைக் கையில் வைத்திருக்கிறவருக்குச் சொந்தம். உடைந்த தன் டாங்கியை இழுத்துப் போக வேண்டுமா, இருக்கிறதைக் காப்பாற்ற வேண்டுமா என்று தோற்ற தரப்பு முடிவெடுக்க வேண்டும். நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஒவ்வொரு டாங்கிக்கும் ஒரு அட்டை எழுதுங்கள்: எண், தலைவர் பெயர், ஆடிய ஆட்டம், அடி வாங்கிய இடம். டாங்கி அழிந்தால் ஒவ்வொரு வீரருக்கும் பகடை, 4-க்கு மேல் விழுந்தால் பிழைத்து வேறு டாங்கிக்குப் போகலாம். பெயர்களைக் கற்பனையாகவே வையுங்கள். அங்கே உண்மையில் இறந்தவர்களின் பெயரைப் பகடைக்குக் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஸ்குவாட்ரன் தலைவரின் டாங்கி என் மேசையில் தலைவர் டாங்கி மட்டும்தான்.

விருப்பமிருந்தால் ஐந்தாவது ஆட்டமும் உண்டு. 22-ஆம் தேதி பிற்பகல் அதே போய்ரா வானில் இந்திய நேட் விமானங்கள் நான்கு, பாகிஸ்தானின் சேபர் போர் விமானங்களோடு மோதின. இரண்டு சேபர் விமானிகள் குதித்துப் பிடிபட்டார்கள், அதில் ஒருவரான பர்வேஸ் மெஹதி குரேஷி பிற்காலத்தில் பாகிஸ்தான் விமானப்படைத் தலைவரானார். விமானத்துக்கு 1/144 எடுத்து மெல்லிய கம்பியில் உயர்த்தி வைத்தால் 15 மி.மீ. தரைக்கு மேல் தொலைவில் பறப்பது போலவே இருக்கும்.

இதை முடித்தவர்கள் அதே போரின் மேற்கு முனைக்குப் போகலாம்: ஷகர்கர் பகுதி, பசந்தர் ஆறு, டிசம்பர் 15, 16. இந்தியாவின் பூனா ஹார்ஸ் ரெஜிமென்ட்டின் சென்ச்சூரியன் டாங்கிகளும் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகளும் மோதிய இடம். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கும் அங்கே பங்கு உண்டு. அங்கே வெளி திறந்த நிலம், பார்வை நீளம், ஆகவே 6 மி.மீ.க்கு மாறிவிடுங்கள். சென்ச்சூரியன் வாங்கும்போது 1967 அரபு-இஸ்ரேல் வரிசையைப் பாருங்கள். 1973 வரிசையில் வருவது டீசல் எஞ்சின் மாற்றப்பட்டு, பின்தட்டு உயர்ந்த இஸ்ரேலிய வடிவம், இங்கே பொருந்தாது. பாகிஸ்தானின் டைப்-59 டாங்கி வேண்டுமென்றால் டி-55-ஐ எடுக்காமல் டி-54-ஐ எடுங்கள். டி-54-இன் கோபுரத்தின் மேல் வலப்பக்கம் காளான் போல ஒரு சின்னக் காற்றுப்போக்கி இருக்கும், டி-55-இல் அது கிடையாது. நம் ஆவடியில் செய்த விஜயந்தா டாங்கியும் அந்தப் போரில் இருந்தது. பிரிட்டனின் விக்கர்ஸ் டாங்கி என்ற பெயரில் தேடினால்தான் அது கிடைக்கும்.